பழைய மேஸி 1035 டிராக்டரில் கியர் சரியாக விழவில்லை: பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடி விவசாயி

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த மேஸி பெர்குசன் 1035. முன்பக்கம் ஆறு, பின்பக்கம் இரண்டு என்ற பழைய கியர் அமைப்பு. மெயின் கியருக்கு ஒரு லிவர், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹை-லோவுக்கு ஒரு லிவர். குறுவைக்குக் கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு முடித்த பிறகு வண்டி சில வாரங்கள் கொட்டகைக்கு வெளியே மழையில் நின்றது. அதன் பின் எடுத்து ஓட்டியதிலிருந்து மூன்று தொல்லைகள் இருக்கின்றன. முதல் கியருக்கோ ரிவர்ஸுக்கோ தள்ளினால் கறகறவென்று பல் உரசுகிறது. பாரம் ஏற்றிய டிரெய்லருடன் மேடேறும்போது இரண்டாம் கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. இது முன்பே அவ்வப்போது நடந்ததுதான், இப்போது அடிக்கடி நடக்கிறது. போதாக்குறைக்கு, சென்ற வாரம் லிவர் இடையில் எங்கோ இறுகிக்கொண்டு, வண்டி முன்னும் நகராமல் பின்னும் நகராமல் வரப்போரத்தில் நின்றுவிட்டது.

அருகிலுள்ள பட்டறையில் கேட்டபோது, கியர் பெட்டியை முழுவதும் பிரித்துச் சக்கரங்கள் அனைத்தையும் மாற்றினால்தான் சரியாகும் என்கிறார்கள். அதற்குச் சொல்லும் தொகை எங்கள் சக்திக்கு மீறியது. சம்பா நடவும் நெருங்கிவிட்டது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் நாங்களே பார்க்கக்கூடியவை ஏதேனும் இருக்கின்றனவா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பொள்ளாச்சி டிராக்டர் மெக்கானிக்

ஐயா, நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே நோய் அல்ல. பல் உரசுவது பெரும்பாலும் கிளட்ச் கோளாறு. கியர் கழன்று வருவதும் லிவர் இறுகுவதும் கியர் மாற்றும் பகுதியின் தேய்மானம். இவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் எல்லாச் சக்கரங்களையும் மாற்றினால், பணம் செலவான பிறகும் முதல் கியர் உரசிக்கொண்டேதான் இருக்கும்.

எனவே முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். பல்லோடு பல் நேராக முட்டி ஓரிரு முறை விழாமல் போகலாம். அது குறை அல்ல, வண்டியைச் சற்றே அசைத்தால் விழுந்துவிடும். எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் மெதுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் உரசுமானால், கியர் பெட்டியில் தவறில்லை. கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை, அதாவது எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டியிலிருந்து முழுமையாகத் துண்டிக்கவில்லை என்று பொருள். எஞ்சின் அணைந்திருக்கும்போதும் லிவர் முரண்டு பிடித்தால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வண்டியில் இருப்பது ஸ்லைடிங் மெஷ் வகைக் கியர். புதிய வண்டிகளில் உள்ளதுபோல் வேகத்தைச் சமன்படுத்தும் வளையம் இதில் கிடையாது. பற்சக்கரமே ஷாஃப்டின் மேல் நகர்ந்து அடுத்த சக்கரத்தோடு சேர வேண்டும். ஆகவே கிளட்சை மிதித்த பிறகும் உள் ஷாஃப்ட் தன் வேகத்திலேயே சில விநாடி சுற்றிக்கொண்டிருக்கும். மூன்று நான்கு விநாடி பொறுத்துப் போட்டால் சத்தமின்றி விழ வேண்டும். பொறுத்துப் போட்டும் உரசுகிறதென்றால் அந்த ஷாஃப்டை ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அதற்குரிய காரணங்களில் மிக எளியது, கிளட்ச் மிதியின் வெற்று அசைவு அதிகமாகிப் போவது. மிதியைக் கையால் அழுத்தி, பாரம் தெரியத் தொடங்கும் இடம்வரை அளந்து பாருங்கள். இந்த அளவு வண்டிகளில் பொதுவாக 20 முதல் 25 மி.மீ. இருக்கும், உங்கள் கையேட்டில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். அதைவிட அதிகமானால் கிளட்ச் பிரியாது. அசைவே இல்லாமல் இறுக்கி வைத்தால் கிளட்ச் வழுக்கி, மிதியை அழுத்தும்போது கிளட்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கும் கருகிவிடும். இணைப்புக் கம்பியின் பின்களும் அவை நுழையும் துளைகளும் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், எத்தனை முறை சரிசெய்தாலும் அளவு நிலைக்காது.

அடுத்தது, சேற்றுழவு வண்டிகளில் நான் முதலில் பார்க்கும் இடம். கிளட்ச் ஹவுசிங்கின் அடிப்பகுதியில் ஒரு சிறிய துளையும் அதில் தொங்கும் ஒரு ஸ்பிளிட் பின்னும் இருக்கும். அந்தப் பின் ஆடிக்கொண்டே இருப்பதால்தான் துளை அடைபடாமல் இருக்கிறது. சேற்றில் இறங்கும்போது சிலர் துளையை அடைத்துவிடுகிறார்கள். உழவு முடிந்ததும் திறக்க மறந்துவிடுகிறார்கள். அடைக்காவிட்டாலும் களிமண் காய்ந்து தானே அடைத்துக்கொள்வதுண்டு. உள்ளே தேங்கும் ஈரத்தில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து, எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது பிளேட் ஷாஃப்டின் வரிப்பள்ளங்களில் நகராமல் சிக்கிக்கொள்ளும். மழையில் நின்ற பிறகு தொல்லை தொடங்கியது என்று எழுதியிருப்பதால், என் சந்தேகம் இங்கேதான்.

அந்தத் துளையைக் குத்தித் திறந்து, என்ன வடிகிறது என்று பாருங்கள். துருநிறத் தண்ணீர் வந்தால் மேலே சொன்னதுதான். கறுத்த, நீர்த்த எண்ணெய் வந்தால் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின்புற சீல் போயிருக்கிறது. கெட்டியான, கியர் ஆயில் வாடை உள்ள எண்ணெய் வந்தால் கியர் பெட்டியின் முன்புற சீல் கசிகிறது. எண்ணெய் வகை எதுவாயினும் பிளேட் நனைந்துவிட்டதென்றால் எஞ்சினையும் கியர் பெட்டியையும் தனியாக்கி வண்டியைப் பிரிக்காமல் தீராது.

சத்தத்தையும் கேளுங்கள். மிதியை லேசாகத் தொட்டு அழுத்திய உடனே இரைச்சல் வந்தால் அது ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்துக் கியரில் போட்டு நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும் கீச்சென்று வந்தால், ஃபிளைவீலின் நடுவில் உள்ள பைலட் பேரிங் இறுகியிருக்கிறது. அது இறுகினால் கிளட்ச் ஒழுங்காகப் பிரிந்தாலும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். பலர் இதைக் கவனிக்காமல் புது பிளேட் போட்டு ஏமாறுகிறார்கள்.

மன்னார்குடி விவசாயி

மிக்க நன்றி ஐயா. சொன்னபடியே பார்த்தோம். எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் எளிதாக விழுகின்றன. எஞ்சின் ஓடும்போது பொறுத்திருந்து போட்டாலும் உரசுகிறது. அந்தத் துளை களிமண்ணால் முற்றிலும் அடைபட்டிருந்தது; கம்பியால் குத்தியதும் செந்நிறத் தண்ணீர் வடிந்தது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. மிதியின் வெற்று அசைவு நீங்கள் சொன்னதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. இணைப்புப் பின்னை மாற்றிச் சரிசெய்தோம். ஹவுசிங் காயும்வரை விட்டு, பிறகு மிதியை அழுத்திக் கட்டை கொடுத்து ஓர் இரவு வைத்திருந்தோம். இப்போது உரசல் பெருமளவு குறைந்துவிட்டது. ரிவர்ஸில் மட்டும் சில நேரம் கேட்கிறது. ஆனால் இரண்டாம் கியர் கழல்வது அப்படியே இருக்கிறது. லிவரும் கையில் நாலாபுறமும் ஆடுகிறது.

பதில் 2: ஒரத்தநாடு, பழைய டிராக்டர் வைத்திருப்பவர்

லிவர் நாலாபுறமும் ஆடுகிறது என்பதிலேயே உங்கள் மூன்றாவது தொல்லைக்கு விடை இருக்கிறது. பெட்டிக்குள் கியரை நகர்த்தும் கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம் உண்டு. லிவரின் அடி நுனி ஏதேனும் ஒரு பள்ளத்தில் மட்டும் அமர்ந்து அந்தக் கம்பியை மட்டும் நகர்த்த வேண்டும். பல ஆண்டு ஓட்டத்தில் நுனி மெலிந்து, பள்ளத்தின் விளிம்பும் மழுங்கிவிட்டால், நுனி இரண்டுக்கும் இடையில் நழுவிவிடும். ஒரு கியர் விழுந்த நிலையிலேயே மற்றொன்றும் விழுந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். எஞ்சினுக்கு எவ்வளவு வேகம் கொடுத்தாலும் சக்கரம் நகராது. அந்த நிலையில் கிளட்சை விட்டு விட்டு உதறிப் பார்ப்பதோ, வேறொரு டிராக்டர் கட்டி இழுப்பதோ கூடாது, பல் முறிந்துவிடும்.

மறுபடி வயலில் அப்படி நின்றால், எஞ்சினை அணைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கியர் விடுபட்டதும் வண்டி உருளும் என்பதால் கட்டை மிக அவசியம். லிவரைத் தாங்கும் மூடியைச் சுற்றியுள்ள மண்ணையெல்லாம் பிரஷ்ஷால் துடைத்த பிறகே போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்குங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் பள்ளங்கள் ஒரே நேர்கோட்டில் இல்லாதது கண்ணுக்கே தெரியும். பெரிய ஸ்குரூ டிரைவரால் நகர்ந்து நிற்பதை மெதுவாகத் தள்ளி நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தால் நியூட்ரல் ஆகிவிடும். தள்ள முடியாமல் இறுகியிருந்தால் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி முன்னும் பின்னும் அசையுங்கள். பற்களின் மேலுள்ள இறுக்கம் விட்டதும் நகரும்.

மூடியைத் திறந்த கையோடு லிவரின் நுனியையும் உருண்டைப் பகுதியையும், அதைச் சுழலவிடாமல் பிடிக்கும் பின்னையும், மேலிருந்து அழுத்தும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். எங்கள் வண்டியில் நுனியின் ஒரு பக்கம் பளபளவென்று சரிந்து தேய்ந்திருந்தது. லிவரை வெளியே எடுத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்து நிரப்பி, பள்ளத்தின் அளவுக்கு அரைத்துப் பொருத்தினோம், நன்றாகவே ஓடுகிறது. வண்டியில் இருக்கும்போதே வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். பொறியும் கழிவும் பெட்டிக்குள் விழும்.

பதில் 3: விழுப்புரம், உதிரி பாகக் கடை

வெல்டிங் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சாதாரண ராடால் நிரப்பிய இடம் மென்மையாக இருப்பதால் விரைவில் மீண்டும் தேய்கிறது. தேய்ந்த துகளெல்லாம் ஆயிலில்தான் கலக்கிறது. இந்த வண்டி நாடெங்கும் ஓடுவதால் லிவரும் பின்னும் ஸ்பிரிங்கும் எளிதில் கிடைப்பவை. சக்கரங்களோடு ஒப்பிட்டால் விலையும் மிகக் குறைவு. ஆனால் பள்ளத்தின் விளிம்பும் மழுங்கியிருந்தால் புது லிவரும் ஆடத்தான் செய்யும். ஆகையால் வாங்கும் முன் மூடியைத் திறந்து பள்ளத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் கியர் கழல்வது தனி விஷயம். லிவர் கழன்று வராமலிருக்க ஓட்டுநர் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதனால் பெட்டிக்குள் சக்கரத்தைப் பிடித்து நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்து வளைகிறதே தவிரக் குறை தீர்வதில்லை. பாரத்துடன் மேட்டில் கியர் கழன்றால் டிரெய்லர் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போகும். இதைச் சரிசெய்யும்வரை தயவுசெய்து டிரெய்லர் மாட்டாதீர்கள். இதில் உயிர்கள் போயிருக்கின்றன. நியூட்ரலில் இருந்தால் மட்டும் செல்ஃப் எடுக்கும் சுவிட்சை யாராவது துண்டித்து வைத்திருந்தால் அதையும் உடனே இணைத்துவிடுங்கள்.

ஆயிலையும் ஒருமுறை பாருங்கள். இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். சேற்று நீர் புகுந்திருந்தால் டீயைப் போல் வெளுத்திருக்கும். அதோடு ஓட்டினால் பேரிங்கும் பம்ப்பும் சேர்ந்து கெடும். கெட்டியாக இருந்தால் கியர் கழலாது என்று நினைத்து ஏதோ ஓர் ஆயிலை ஊற்றாமல், கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றுங்கள்.

பதில் 4: பொள்ளாச்சி டிராக்டர் மெக்கானிக்

லிவர் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதே சரி. அறுவடை நடுவில் அவசரத்துக்கு வெல்டிங் வைக்கலாம். பருவம் முடிந்ததும் புது லிவர் போட்டுவிட வேண்டும்.

இரண்டாம் கியருக்கு வருவோம். கியர் போட்ட இடத்திலேயே நிற்பதற்காக, அதை நகர்த்தும் கம்பியில் குழிகளும், அதில் ஸ்பிரிங் அழுத்தத்தால் உட்காரும் குண்டும் உண்டு. லிவரைத் தள்ளும்போது டக்கென்று உட்காரும் உணர்வு கையில் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. புது ஸ்பிரிங்கின் பக்கத்தில் வைத்தால் பழையது குட்டையாக இருப்பது தெரியும். குண்டு உள்ளே விழுந்துவிடாதபடி துணி அடைத்துக்கொண்டு எடுங்கள். அதற்கும் முன்னதாக, லிவர் வளைந்து சீட்டிலோ மேடைத் தகட்டிலோ இடித்து முழுத் தூரம் போகாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கியர் பாதியளவே சேர்ந்து பாரம் இழுத்தால் பற்கள் சாய்வாகத் தேயும். சாய்ந்த பல் பாரம் வரும்போது தன்னையே வெளியே தள்ளிக்கொள்ளும். மூடியின் வழியாகப் பார்க்கும்போது இரண்டாம் கியரின் பற்கள் நுனியை நோக்கி மெலிந்திருந்தால் ஸ்பிரிங் மாற்றிப் பயனில்லை. அந்தச் சக்கரத்தையும் அதனோடு சேரும் சக்கரத்தையும் ஜோடியாக மாற்ற வேண்டும். மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.

ஹை-லோ லிவரையும் வண்டி முழுதும் நின்ற பிறகே மாற்றுங்கள். லோவில் வேகம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிறது. உருண்டுகொண்டிருக்கும்போது மாற்றினால் அங்குள்ள இணைப்பின் பல் முனைகள் உருண்டுபோய், பிறகு ஹையும் கழலத் தொடங்கும்.

ரிவர்ஸில் எஞ்சியிருக்கும் உரசலுக்கு இப்போதைக்கு வண்டியைப் பிரிக்க வேண்டாம். சம்பா உழவை முடித்துவிட்டு, பற்கள் சரியாக இருந்தால் பங்குனியில் கிளட்சுக்காக மட்டும் பிரித்துக்கொள்ளலாம். பிரிக்கும்போது முன் ஆக்ஸிலுக்கும் அதைத் தாங்கும் வார்ப்புக்கும் இடையில் இருபுறமும் மரஆப்பு இறுக்கியிருக்கிறார்களா என்று நீங்களே நின்று பாருங்கள். அந்த ஆக்ஸில் நடுவில் ஒரே பின்னில் ஆடுவது. ஆப்பு இல்லாவிட்டால் பிரிந்த எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்து ஆளை நசுக்கிவிடும். பிரித்த பிறகு பிளேட்டோடு பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், இரண்டு சீல்கள் ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள். இவற்றின் விலையைவிட மறுபடி பிரிக்கும் கூலி அதிகம்.