ஃப்ளைபேக் கைக்கடிகாரம்: தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள்)

வானம்பாடி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பழைய விமானி கைக்கடிகாரங்களைச் சேர்க்கும் ஒருவருக்காகச் சின்னக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பகுதி 1950களில் பிரெஞ்சு விமானப்படைக்காகச் செய்த 'டைப் 20' பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

குரோனோகிராஃபுக்கு, அதாவது வேண்டும்போது ஓடவிட்டு நிறுத்தி நேரம் அளக்கும் முள் உள்ள கடிகாரத்துக்கு, 'காலவரைவி' என்று போட்டுவிட்டேன். ஃப்ளைபேக்கில்தான் மாட்டிக்கொண்டேன். சாதாரணக் காலவரைவியில் ஓடும் முள்ளை நிறுத்த ஓர் அழுத்து, சுழிக்கு (பூச்சியத்துக்கு) கொண்டுவர இன்னொன்று, மறுபடி ஓடவிட மூன்றாவது. ஃப்ளைபேக்கில் முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்பொத்தானை அழுத்தினால் போதும்; சுழிக்குத் தாவிவிடும், விரலை எடுத்ததும் அங்கிருந்து ஓடத் தொடங்கிவிடும். 'பறந்துமீள்' என்று எழுதி, நானே அடித்துவிட்டேன்.

ஒற்றன் எழுதியது:

அம்மா, ஃப்ளைபேக்குக்கு முன் 'கைக்கடிகாரம்' என்பதையே பார்க்க வேண்டும். கடிகாரம் கடிகையிலிருந்து வந்தது. கடிகை வடமொழியில் சிறு குடம். அவர்கள் குடத்தைக் கடன் வாங்குவானேன்? முல்லைப்பாட்டில் நாழிகை அளப்பவர்கள் 'குறுநீர்க் கன்னல்' என்ற நீர்க்கடிகாரத்தைப் பார்த்துத்தானே அரசனுக்குப் பொழுது சொல்கிறார்கள்? 'கைக்கன்னல்' என்று வைத்தால் என்ன குறை? 'விமானி'யும் வேண்டாம். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வானவூர்தி' இருக்கிறது; வலவன் என்றால் ஓட்டுபவன். ஆக, 'வலவன் கைக்கன்னல்'. 'காலவரைவி'யிலும் எனக்கு ஐயம் உண்டு. அந்தக் கருவி எதையும் வரைவதாகத் தெரியவில்லை. ஃப்ளைபேக்குக்கு 'சுழித்தொடரி'.

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

ஒற்றன் ஐயா, கன்னல் என்றால் எங்கள் பிள்ளைகள் கரும்பு என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். கையில் கரும்பைக் கட்டிக்கொண்டு யார் பறப்பது? எங்களுக்குக் கைமணிக்கூடு. நாகர்கோவில் பக்கமும் மணிக்கூடுதான் என்று நினைவு. புறநானூற்று ஊர்தி வலவன் ஏவாதது. உள்ளே ஆளே இல்லை, மணிக்கூடு எதற்கு? 'தொடரி'யை நீங்களே இங்கே ரயிலுக்கு எழுதி வருகிறீர்கள். சுழித்தொடரி என்றால் வட்டப்பாதையில் ஓடும் ரயில் என்று வாசிப்பார்கள்.

பழையமுள் எழுதியது:

நான் இருபது வருடமாகப் பழைய கைக்கடிகாரங்களோடு இருப்பவன். இலக்கணம் தெரியாது, பொத்தான் தெரியும்.

முதலில் 'வரைவி'. ரியூஸெக் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர் 1821இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்துக்குக் கொண்டுபோன கருவி, முகப்பில் மைப்பொட்டு வைத்து நேரத்தைக் குறித்தது. மை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. ஒற்றன் ஐயாவின் ஐயம் சரி, ஆனால் 200 வருடம் தாமதம்.

அப்புறம் ஃப்ளைபேக். இதில் பறத்தலுக்கும் விமானத்துக்கும் சம்பந்தம் இல்லை, பறப்பது முள். ஆனால் விமானிக்கு அது ஏன் வேண்டியிருந்தது என்று தெரிந்தால் சொல் தானே வரும். மேகத்துக்குள் தரை தெரியாமல் போகிறார். இன்ன திசையில், இன்ன வேகத்தில், நாலு நிமிடம். பிறகு திரும்பி அடுத்த திசையில் ஆறு நிமிடம். திரும்பும் நொடியில் கணக்கு புதிதாகத் தொடங்க வேண்டும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 83 மீட்டர். கையுறையோடு மூன்று தடவை அழுத்தி மூன்று நொடி போனால் 250 மீட்டர் கணக்கில் விழுந்துவிடும். அதனால்தான் பிரெஞ்சு ராணுவம் ஃப்ளைபேக்கைக் கட்டாய நிபந்தனையாக வைத்தது. பிரெகே, டோடான், ஒரிகோஸ்ட், விக்ஸா என்று பல கம்பெனிகள் அதே நிபந்தனைக்குச் செய்துகொடுத்தன.

இன்னொன்று, 'பேக்' என்பதே பாதிப் பொய். முள்ளின் அச்சில் இதய வடிவில் ஒரு சிறு தகடு இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஒரு சுத்தி அதன் விளிம்பில் அடிக்கும். இதயம் உருண்டு, பள்ளம் சுத்திக்கு நேராக வந்து நிற்கும். எந்தப் பக்கம் கிட்டவோ அந்தப் பக்கமாக உருளும். 20ஆவது நொடியில் அழுத்தினால் முள் பின்னோக்கி வரும், 40இல் அழுத்தினால் முன்னோக்கிப் போய்ச் சுழியைத் தொடும். என்னிடம் உள்ளதில் நேற்று ராத்திரி கண்ணாடிக்கு மேல் லென்ஸ் வைத்துப் பத்துத் தடவை பார்த்தேன். மனைவி திட்டினாள். ஆகையால் 'பின்' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் ஆகாது.

ஒற்றன் எழுதியது:

இது நல்ல செய்தி. 'மீள்' என்பதற்குத் திசை கிடையாது; போன இடத்திலிருந்து இருந்த இடத்துக்கு வருவது, அவ்வளவுதான். 'சுழித்தொடரி'யைத் திரும்பப் பெறுகிறேன், ரயிலுக்காக அல்ல. ஒற்று போட்டால் சுழியைத் தொடர்வது. ஒற்றில்லாமல் 'சுழிதொடரி' என்றால் வினைத்தொகை, சுழித்துக்கொண்டு தொடர்வது. அச்சுக்கோப்பவர் ஓர் ஒற்றை விட்டால் பொருளே மாறிவிடும்.

'சுழிமீளி' எப்படி?

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

மீளி பாட்டியலில் ஆண்பருவங்களில் ஒன்று இல்லையா ஐயா? பாலனுக்கு அடுத்தது. பூச்சியத்தில் நிற்கும் சிறுவன் என்று ஆகிவிடும்.

ஒற்றன் எழுதியது:

மீளிக்கு வீரன் என்ற பொருளும் உண்டு. விமானப்படைக்குப் பொருத்தம்தானே! (இதன்பின் மீளி, மீளிமை, மீட்சி மூன்றும் ஒரே வேரா என்று ஒரு நீண்ட பகுதி எழுதினேன். வானம்பாடியின் கெடுவை எண்ணித் தனி இழைக்கு மாற்றிவிட்டேன்.)

கம்பிச்சுருள் எழுதியது:

பழைய டிவியிலும் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மர் உண்டு. மெக்கானிக்குகள் யாரும் அந்தப் பெயர் சொல்லமாட்டார்கள், 'ஈ.எச்.டி. போயிருச்சு' என்பார்கள். வேண்டியவர்களுக்கு வேண்டிய பெயர் வந்துவிடும். ஃப்ளைபேக் என்றே விடுங்கள்.

வானம்பாடி எழுதியது:

இன்று வியாழன், நினைவிருக்கட்டும். 'உடன்மீள் காலவரைவி' என்றால் யாருக்கு மறுப்பு?

இடையில் ஒரு கிளைக்கேள்வி. எண்களில் பூசிய ஒளிரும் பூச்சுக்கு நம்மூரில் 'ரேடியம்' என்றாலே எல்லாருக்கும் புரியும், பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கரே ரேடியம்தான். ஆனால் இந்தக் கடிகாரங்கள் பலவற்றில் நிஜமான ரேடியமே இருக்கிறதே. அதை எப்படித் தனித்துச் சொல்வது?

பழையமுள் எழுதியது:

'ரேடியம் கலந்த பூச்சு, தொடாதீர்கள்' என்று எழுதுங்கள். இருட்டில் ஒளிராததால் செத்துவிட்டது என்று நினைத்து மூடியைத் திறந்து சுரண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மங்கிப்போவது கூடச் சேர்த்த துத்தநாக சல்பைடுதான். ரேடியத்தின் அரைவாழ்வு 1600 ஆண்டு, அதன் கதிர்வீச்சு இன்னும் இருக்கிறது.

பின்மூடியில் 'எஃப்.ஜி.' என்று வெட்டி, பக்கத்தில் தேதி இருந்தால் அதை ரகசியக் குறி ஆக்கிவிடாதீர்கள். பழுதுபார்த்ததற்கான உத்தரவாதம் முடியும் நாள், அவ்வளவுதான். நாலைந்து தேதி வரிசையாக வெட்டியிருந்தால் சேர்ப்பவர்கள் தடவித் தடவிப் பார்ப்பார்கள்.

'உடன்மீள்' எனக்குச் சரி.

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

எனக்கும் சரி. எங்கள் பக்கம் உடன்மீன் என்றால் அப்போதே பிடித்த மீன். உடன் என்றால் கையோடு, சுடச்சுட.

ஒற்றன் எழுதியது:

உடன்பிறந்தாரில் உடன் என்ன பொருள்? கூட. எதன் கூட மீள்கிறது? 'சுழிமீள்' என்றாவது வையுங்கள், எங்கே மீள்கிறது என்பதாவது தெரியும்.

கம்பிச்சுருள் எழுதியது:

மீள்வதை மட்டும் சொல்கிறீர்கள். மறுபடி ஓடுவது எந்தச் சொல்லில் இருக்கிறது? சாதாரணக் கடிகாரமும்தான் மீள்கிறது.

வானம்பாடி எழுதியது:

கம்பிச்சுருள் சொல்வது எனக்கும் உறுத்துகிறது, ஆனால் இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. முதல் தடவை வரும் இடத்தில் 'உடன்மீள் காலவரைவி. ஃப்ளைபேக் என்பார்கள், ஒரே அழுத்தில் முள் சுழிக்கு வந்து மறுபடி ஓடும்' என்று போட்டு, பிறகு உடன்மீள் என்றே விட்டு அனுப்பிவிட்டேன். கைக்கடிகாரம் கைக்கடிகாரமாகவே இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

ஒற்றன் எழுதியது:

என் பட்டியலில் 'சுழிமீள் கைக்கன்னல்' என்றே ஏற்றியிருக்கிறேன். அதுகிடக்க, முகப்பைச் சுற்றித் திருகும் அந்த வளையத்துக்கு, பெசல் என்கிறார்களே, கையேட்டில் என்ன போட்டீர்கள்? 'விளிம்பு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.