கப்பலில் வருபவர்கள் திருமலையை (திருகோணமலையை) தனியாக நடந்து பார்க்கலாமா?

நிலாவெளி மருமகன்:
வணக்கம். சென்னையில் இருக்கும் என் சித்தப்பாவும் சித்தியும் உல்லாசக் கப்பல் ஒன்றில் திருகோணமலைக்கு வருகிறார்கள். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையில் இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளுக்கும் ஒரு கப்பல் வரத் தொடங்கிய நாள் முதல் இருந்த ஆசை, இப்போதுதான் கைகூடியிருக்கிறது. கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும். எனக்கு அன்று பிற்பகல் 1 மணி வரை வேலை இருப்பதால், அதுவரை அவர்கள் தனியாகத்தான் இருக்க வேண்டும். கப்பல்காரர் ஏற்பாடு செய்யும் பஸ் வேண்டாம், கோணேசர் கோவிலுக்கு நடந்துதான் போவேன் என்று சித்தப்பா பிடிவாதமாக நிற்கிறார். அவருக்கு வயது 67, ஒரு முழங்காலில் நோவும் உண்டு. ஊரை அறிந்தவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

உவர்மலைக் கிழவன்:
மருமகனே, தாராளமாக நடக்க விடும். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பட்டப்பகலில் இரண்டு பெரியவர்கள் நடந்து போவதற்கு அஞ்ச வேண்டிய ஊர் அல்ல இது. பஸ் நிலையத்தடியில் இருந்து, கோவிலுக்குப் போகும் வழியில் உள்ள பிரெட்றிக் கோட்டை வாசலுக்கு மெதுவாக நடந்தாலும் அதிக நேரம் பிடிக்காது. வாசலில் இருந்து கோவிலுக்குப் போகும் ஏற்றம் மரநிழல் உள்ள தார் வீதி.

நடந்து போகிறவருக்கு மட்டும் கிடைப்பது ஒன்று உண்டு. 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோவிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624இல் கோட்டையைக் கட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கோட்டை வாசலின் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் சின்னமும், சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இன்றும் இருக்கின்றன. பஸ்ஸில் வருகிறவர் அந்த வாசலைக் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுவார். கல்லில் கையை வைத்து நின்று பார்ப்பது நடந்து வருகிறவர்தான். சென்னையில் இருந்து வரும் ஒரு தமிழருக்கு இதைவிட வேறு என்ன காட்ட வேண்டும்?

திருமலைப் பயணத்துணை:
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மதிப்பளித்தே மறுக்கிறேன். கப்பல் கட்டும் இடத்தில் இருந்து பஸ் நிலையத்தடிக்கு அவர்கள் எப்படி வருவார்கள் என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. பாரம் தூக்கிகளும் கனரக வாகனங்களும் இயங்கும் துறைமுக வளாகத்துக்குள் பயணிகள் விரும்பியபடி நடந்து திரிய முடியாது. வாயிலுக்கு வெளியே வந்த பிறகும் நகரத்துக்கு வண்டி பிடிக்கத்தான் வேண்டும். ஐரோப்பாவின் சில துறைமுகங்களைப் போல கப்பலின் ஏணிப்படியில் இறங்கியதும் கடைத்தெரு தொடங்கும் ஊர் அல்ல இது.

இரண்டாவது விடயம் இதைவிட முக்கியமானது. கைபேசி வரைபடத்தில் தெரியும் இடங்கள் எல்லாம் நடந்து போகக்கூடிய இடங்கள் அல்ல. ஒஸ்ரன்பேர்க் கோட்டை வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். அது கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால், அதை நம்பி நடந்தவர்கள் காவலரண் வரை போய்த் திரும்புகிறார்கள். பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் இராணுவ முகாம் இருக்கிறது. கோவிலுக்குப் போகும் வீதி பொதுமக்களுக்குத் திறந்தது என்பதற்காக, பக்கத்தில் பிரியும் ஒவ்வொரு வழியும் திறந்தது என்று ஆகாது. முகாமையோ சிப்பாய்களையோ தெரியாமல் படம் எடுத்து, பிறகு அதை அழிக்கச் சொல்லும்போது பதறிப்போன பயணிகளை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

உவர்மலைக் கிழவன்:
துறைமுகத்துக்குள் நடக்க முடியாது என்பதை ஏற்கிறேன். அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருடம் உள்ளே நடந்தவனுக்கு அது மறந்துவிட்டது. மற்றதை ஏற்க மாட்டேன். “வீதியை விட்டு விலகாதீர்கள், சீருடை அணிந்தவர்களைப் படம் எடுக்காதீர்கள்” என்ற இரண்டு வாக்கியங்களைச் சொல்ல ஒரு வழிகாட்டிக்குக் கூலி கொடுக்க வேண்டுமா? தம்பி, கோபிக்க வேண்டாம்: உங்கள் தொழிலில் இருப்பவர்கள் சிலர் வழியைக் காட்டுவதைவிடப் பயத்தைக் காட்டித்தான் பிழைக்கிறார்கள். கப்பலில் இருந்து இறங்கிய கூட்டம் குளிரூட்டிய பஸ்ஸில் ஏறிக் கோவிலைப் பார்த்து, அதே பஸ்ஸில் திரும்பினால், மத்திய வீதியில் தேநீர்க்கடை வைத்திருப்பவருக்கு என்ன மிஞ்சும்?

திருமலைப் பயணத்துணை:
கோபம் இல்லை ஐயா. வழிகாட்டிப் பிழைப்பவன் சொல்கிறான் என்பதற்காக, சொன்னது பொய்யாகிவிடாது. நான் அஞ்சுவது கள்வருக்கு அல்ல, வெயிலுக்கும் கடலுக்கும்தான். கடலைக் கண்டதும் பயணிகள் கால் நனைக்க இறங்குகிறார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில், அதாவது ஐப்பசி முடிவில் இருந்து தை வரை, நகரத்தை ஒட்டிய டச்சுக்குடாப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அலை திரும்பும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும். சித்திரை தொடங்கி ஆவணி வரை கடல் அடங்கியிருந்தாலும் வெயில் கொல்லும். இந்த வேறுபாட்டை வெளியூர்க்காரர் எப்படி அறிவார்?

கப்பல் சமையற்காரன்:
இருவரும் மணிக்கூட்டை மறந்துவிட்டீர்கள். பயணிகள் கப்பல்களில் எட்டு வருடம் சமைத்தவன் நான். 5 மணிக்குப் புறப்படும் கப்பலில் பயணிகள் வழக்கமாக அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஏறிவிட வேண்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா பிந்தினால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாகப் போனவர் பிந்தினால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடும். இறங்குதுறையில் கையசைத்து ஓடிவருகிறவர்களை மேல்தளத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு, ஓடுகிறவர்களுக்கு அடுத்த நாட்டுக்கு விமானச் சீட்டு.

சென்னையில் இருந்து வருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒன்றே. மாலைதீவில் இருந்தோ தாய்லாந்தில் இருந்தோ வரும் கப்பலில் கடிகாரத்தை மாற்றாமல் விட்டால், கைபேசி ஒரு நேரமும் கப்பல் வேறொரு நேரமும் காட்டும். எப்படியிருந்தாலும் கப்பலின் நேரமே கணக்கு. அன்றாட நிகழ்ச்சித் தாளில் உள்ளூர்க் கப்பல் முகவரின் தொலைபேசி இலக்கம் இருக்கும். அதையும் கடவுச்சீட்டின் பிரதியையும் கப்பல் அட்டையோடு சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வெந்நீரூற்று:
அண்ணாமார் எல்லோரும் வீதியைப் பற்றியே எழுதுகிறீர்கள், காலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கோவிலில் செருப்பைக் கழற்ற வேண்டும். நடுப்பகலில் அந்தத் தரையில் கால் வைத்தவர்களுக்குத்தான் தெரியும்! அதனால் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பே மேலே போய்விட வேண்டும். பிந்திப் போனால் பகல் வேளையில் சந்நிதி பூட்டியிருக்கவும் கூடும். சித்தியின் கைப்பையில் வாழைப்பழம் இருந்தால் குரங்குகள் அதை எப்படியோ அறிந்துகொள்ளும். மான்கள் சாதுவானவை என்று பிஸ்கட் நீட்டவும் வேண்டாம், பையோடு இழுத்துத் தின்னும். கோவிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டருகில் படம் எடுப்பதற்காகச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். கீழே கடல் வரை செங்குத்தான பாறை.

தெருநாய்கள் பெரும்பாலும் படுத்தே கிடக்கும். கடித்துவிட்டால், சிறு கீறலானாலும், சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கப்பலுக்குப் போய்ப் பார்ப்போம் என்று தள்ளிப்போடக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், பொலிசுக்கு 119.

கடற்காகம்:
தலைப்பைக் “கால்நடையாகப் பார்க்கலாமா” என்று வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். நம் ஊர் வீதிகளில் கால்நடைகள் எந்த வழிகாட்டியும் இல்லாமல்தான் நடக்கின்றன, ஒரு குறையும் இல்லை.

திருமலைப் பயணத்துணை:
கடற்காகத்தாரே, அந்தக் கால்நடைகளுக்காகத்தான் மனிதர் நடைபாதையை விட்டு வீதியில் இறங்க வேண்டியிருக்கிறது, அங்கே பஸ்கள் எப்படி ஓடுகின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும்.

தங்கச்சி சொன்ன காலை நேரத்தை ஏற்கிறேன். ஆனால் 8 மணிக்குக் கப்பல் வந்தால் 8 மணிக்கே கரையில் நிற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். குடிவரவுச் சோதனை முடிந்து பயணிகளை இறக்கத் தொடங்கவே நேரமாகும். கப்பல் நங்கூரமிட்டுப் படகில் கரை சேர்ப்பதானால் இன்னும் பிந்தும். நகரத்துக்கு வர 10 மணியாகலாம். அதன் பிறகு நடந்து ஏறினால் நீங்கள் எல்லோரும் தவிர்க்கச் சொல்லும் உச்சி வெயிலுக்குள்தான் அவர்கள் ஏறுவார்கள். ஐயா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உவர்மலைக் கிழவன்:
10 மணி என்பது உண்மைதான். அப்படியானால் தொடக்கத்தைச் சுருக்குவோம்: துறைமுக வாயிலில் இருந்து ஆட்டோவில் நேரே கோட்டை வாசலுக்கு வரட்டும், கூலியை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளட்டும். வாசலில் இருந்து கோவில் வரை மட்டும் நடந்தால் போதும். கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை, புறாமலைத் தீவு என்று ஒரே நாளில் ஆசைப்பட வேண்டாம். அவை நடைக்குரிய தூரமும் அல்ல. ஆனால் நடையை முழுதாகக் கைவிடச் சொன்னால் நான் இணங்க மாட்டேன்.

நிலாவெளி மருமகன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று சித்தப்பாவோடு தொலைபேசியில் கதைத்தேன். ஐயா சொன்ன கயல் சின்னத்தைக் கேட்டதும், வழிகாட்டி வேண்டாம் என்பதில் இன்னும் உறுதியாகிவிட்டார். சமையற்காரர் சொன்ன விமானச் சீட்டைக் கேட்டதும் சித்தி, 3 மணிக்கே கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டார். ஆகவே ஆட்டோவில் கோட்டை வாசலுக்கு வந்து, இறங்கிக் கல்லைப் பார்த்துவிட்டு, அதே ஆட்டோவில் கோவிலடிக்கு ஏறுவார்கள். தரிசனம் முடிந்து மெதுவாக நடந்து இறங்குவார்கள். 1 மணிக்கு நான் வாசலில் நின்று கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஏற்றத்துக்கு வண்டி, இறக்கத்துக்கு நடை. இதில் இருவருக்கும் சம்மதம்தானே?

திருமலைப் பயணத்துணை:
சம்மதம் இல்லை. முழங்கால் நோ உள்ளவருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வலிக்கும். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், நடப்பதானால் ஏறும்போது நடக்கட்டும்.

உவர்மலைக் கிழவன்:
இதில் மட்டும் தம்பி சொல்வது சரி. என் முழங்காலும் அதைத்தான் சொல்கிறது.