தேங்காய் நார் சேர்த்தால் பிளாஸ்டிக்கின் பலம் குறைவது ஏன்?

பொள்ளாச்சிக்காரன்: பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் எடைக்கு 30 சதவீதம் தேங்காய் நார் கலந்து பட்டை வார்த்தேன். இழுத்துப் பார்த்தால் வெறும் பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் அறுகிறது. அறுந்த முகத்தில் நார்கள் துடைப்பம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன, பிடுங்கிக்கொண்டு வந்த இடமெல்லாம் ஓட்டை. என்ன செய்யலாம்?

காரத்தொட்டி: ஓட்டை இருந்தால் நார் ஒட்டவே இல்லை என்று அர்த்தம். நாரின் மேல் மெழுகு படிந்திருக்கும். 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவைத்துக் கலக்குங்கள். மெழுகு போய்ச் சொரசொரப்பாகும், பிடிமானம் வரும்.

ரெசின்ராஜா: அவ்வளவு சுலபமில்லை அண்ணே. எவ்வளவு கழுவினாலும் நார் தண்ணீரை இழுக்கும், பாலிப்ரொப்பிலீனுக்குத் தண்ணீரே ஆகாது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். மேலிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளை ஏற்றிய பாலிப்ரொப்பிலீனை 3 முதல் 5 சதவீதம் சேர்த்தால், அன்ஹைட்ரைடு, நாரில் தண்ணீரை இழுக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு பிணையும், அதன் வால் பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும். அது சரி, காஸ்டிக் கழிவுநீரை எங்கே கொட்டச் சொல்கிறீர்கள், வாய்க்காலிலா?

காரத்தொட்டி: அமிலம் விட்டுச் சமப்படுத்திவிட்டு வெளியேற்றலாம் தம்பி. மெழுகு மூடியிருக்கும்போது உங்கள் தரகர் யாரோடு கைகுலுக்குவார்? முதலில் கழுவல், அப்புறம்தான் தரகு.

ரெசின்ராஜா: ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். கரைசல் கடுமையானாலோ நேரம் கூடினாலோ நாரே நைந்துபோகும். அதைச் சொல்லாமல் தொட்டியில் போடச் சொல்லாதீர்கள்.

நூல்கண்டு: நாரையே மாற்றினால் என்ன? தேங்காய் நாரில் பசை மாதிரி இழைகளைப் பிணைக்கும் லிக்னின் 40 சதவீதத்துக்கும் மேல், பலம் தரும் செல்லுலோஸ் குறைவு. அதன் நுண்ணிழைகளும் சுருள்கம்பி போலச் சாய்ந்திருப்பதால் இழுத்தால் நீளும். கால்மிதிக்கு அது நல்லதுதான், பாரம் தாங்க உதவாது. கற்றாழை நாரோ சணலோ போடுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்: எங்கள் ஊரில் மலிவாகக் கிடைப்பது இதுதானே! தட்டினால் உடையாத தட்டு கிடைத்தாலே போதும், பாலமா கட்டப்போகிறேன்?

ரெசின்ராஜா: அப்படியானால் அந்த நீட்சி உங்களுக்குச் சாதகம். கலக்கும் முன் நாரை எப்படிக் காயவைத்தீர்கள்?

பொள்ளாச்சிக்காரன்: வெயிலில், இரண்டு நாள்.

காரத்தொட்டி: போதாது. 105 டிகிரி அடுப்பில், எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். ஈரம் உள்ளே போனால் நீராவியாகிக் குமிழி விடும்.

பொள்ளாச்சிக்காரன்: இப்போதுதான் எடுத்தேன். 100 கிராம் வைத்தது 89 ஆகிவிட்டது. இத்தனை நாளும் தண்ணீரையா வார்த்துக்கொண்டிருந்தேன்!

ரெசின்ராஜா: ஆறவிடாமல் சூட்டோடு கலந்துவிடுங்கள், திரும்பவும் ஈரம் இழுத்துக்கொள்ளும். வார்ப்புச் சூடும் 200 டிகிரியைத் தாண்ட வேண்டாம், நார் கருகும்.