எமுலேட்டரில் அடித்த மணி, கேன் போடும் அண்ணன் போனில் அடிக்கவில்லை

வேளச்சேரியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடும் கடைக்காக ஒரு சின்ன செயலி எழுதிக் கொடுத்தேன். வீட்டிலிருந்து ஆர்டர் வந்தால், கேன் போடும் அண்ணனின் போனில் மணி அடிக்க வேண்டும். அவர் ‘எடுத்துக்கொண்டேன்’ என்று அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. இரண்டு மாதமும் லேப்டாப்பில், போன் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டரிலேயே ஓட்டிப் பார்த்தேன், ஒரு தடங்கலும் இல்லை.

நிஜ போனில் ஏற்றிய அன்றே, ஆர்டர்களை வாங்கி வைக்கும் சர்வர் கிடைக்கவில்லை என்றது. சர்வர் அப்போது என் லேப்டாப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அரை நாள் போயிற்று. எமுலேட்டருக்குள்ளிருந்து நம் லேப்டாப்பைத் தொட 10.0.2.2 என்ற முகவரியைப் போடுவோம் இல்லையா, அது எமுலேட்டருக்கு மட்டுமே உள்ள ஏற்பாடு. போனுக்கு அது புரியாது. முகவரியை லோக்கல்ஹோஸ்ட் (போன் தன்னையே குறிக்கும் பெயர்) என்று மாற்றி, கேபிளை மாட்டி, அதை லேப்டாப்புக்குத் திருப்பிவிடும் ஏடிபி ரிவர்ஸ் கட்டளை கொடுத்ததும் சரியாகிவிட்டது.

அடுத்து வந்ததுதான் பெரிய தலைவலி. என் மேசையில் போனை கேபிளில் மாட்டி வைத்து எத்தனை ஆர்டர் அனுப்பினாலும் மணி அடித்தது. சர்வரை இணையத்தில் ஏற்றிவிட்டு, போனை அண்ணனிடம் கொடுத்த மறுநாள் காலையில் நான்கு ஆர்டருக்கு மணியே அடிக்கவில்லை. கடை மேசையில் கிடந்த போனை அவர் எடுத்துத் திரையைத் தொட்டாராம், நான்கும் ஒன்றாக வந்து விழுந்தன. அதற்குள் இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு கடையில் வாங்கிவிட்டார்கள். அவருக்கு அது அன்றைய வருமானம். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

காரணம் டோஸ் என்ற பேட்டரி சேமிப்பு ஏற்பாடு. ஆண்ட்ராய்டு 6.0-இல், 2015-இல் வந்தது. சார்ஜ் ஏறாமல், திரை அணைந்து, போன் அசையாமல் கிடந்தால், பின்னால் ஓடும் செயலிகளுக்கு நெட்டை நிறுத்திவிட்டு அவ்வப்போது மட்டும் கொஞ்ச நேரம் திறந்துவிடும். என் செயலியோ சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரிடம் ‘ஆர்டர் இருக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. மேசையில் ஏன் இது தெரியவில்லை? கேபிளில் மாட்டியிருந்தால் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், டோஸ் வரவே வராது. எமுலேட்டரும் சாதாரணமாகத் தன்னை சார்ஜில் இருப்பதாகத்தான் காட்டிக்கொள்ளும். அதாவது, நிஜ போனில் சோதிக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்களிலும் பாதிதான் சோதித்திருக்கிறேன்.

போனை வேண்டுமென்றே டோஸுக்குள் தள்ள, லேப்டாப்பிலிருந்து டம்ப்சிஸ் கட்டளையில் பேட்டரியை ‘அன்பிளக்’ என்றும், டிவைஸ்ஐடிலை ‘ஃபோர்ஸ்-ஐடில்’ என்றும் கொடுத்தேன். அதே கோளாறு இரண்டே நிமிடத்தில் என் மேசைக்கு வந்துவிட்டது. சர்வரைக் கேட்டுக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டு, சர்வரே எழுப்பிவிடும் எஃப்சிஎம் (கூகுளின் செய்தி அனுப்பும் சேவை) செய்தியை அதிக முன்னுரிமையில் அனுப்பும்படி மாற்றினேன். மணி அடித்தது.

அப்புறம் ஒரு நாள் காலை அவரோடு மீன்பாடி வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இருபது லிட்டர் கேனைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, ஈரக் கையோடு போனை எடுக்கிறார். கட்டை விரல் பட்டதும் திரை எங்கேயோ ஓடுகிறது. சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்துகிறார், அது பக்கத்திலிருந்த ‘ரத்து’ மேல் படுகிறது. எழுத்தளவை அவர் பெரிதாக வைத்திருந்ததால் இரண்டு பட்டனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பதினொரு மணி வெயிலில், நான் பார்த்துப் பார்த்து வைத்த சாம்பல் நிற எழுத்து சுத்தமாகக் காணோம்.

“தம்பி, வெயில்ல இது வெறும் வெள்ளைப் பேப்பராத்தான் தெரியுது” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

அன்று இரவே எழுத்தைக் கறுப்பாக்கினேன். ‘எடுத்துக்கொண்டேன்’ பட்டனைத் திரையின் முழு அகலத்துக்கும் விரித்தேன். ‘ரத்து’ வேறு பக்கத்துக்குப் போய்விட்டது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

அம்பத்தூரிலிருந்து:

எனக்கு கேமராவில் நடந்தது. சுய உதவிக் குழுப் பெண்களுக்கான கடன் விண்ணப்பச் செயலி. ஒரு அக்கா பொறுமையாகப் பெயர், முகவரி, வருமானம் எல்லாம் தட்டி முடித்து, ரேஷன் கார்டைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் படிவம் காலி. “நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தப்பு என்னுடையது. அவர் போனில் 2 ஜிபி ராம்தான். கேமரா திறந்ததும் இடம் போதாமல் ஆண்ட்ராய்டு என் செயலியை மூடிவிட்டது, தட்டியதை நான் எங்கும் சேமித்து வைக்கவில்லை. என் எமுலேட்டருக்கு நான் தாராளமாக ராம் கொடுத்திருந்தேன், அங்கே இது எப்படி வரும்? போன் செட்டிங்ஸில், செயலி எழுதுபவர்களுக்கான டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஒரு திரையை விட்டு நகர்ந்த உடனே அது அழிக்கப்படும், எங்கெங்கே சேமிக்க மறந்தோம் என்பது அப்போதே தெரிந்துவிடும். அதோடு, ரிச்சி தெருவில் அதே 2 ஜிபியில் ஒரு பழைய போன் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன். எது எழுதினாலும் முதலில் அதில்தான் ஓடும்.

தாம்பரத்திலிருந்து:

டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்க பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டியாயிற்று, லேப்டாப்பிலிருந்து சோதிக்க யூஎஸ்பி டீபக்கிங்கும் போட்டாயிற்று. லேப்டாப் போனைக் கண்டுகொள்ளவே இல்லை. சார்ஜ் மட்டும் ஏறுகிறது. என்ன செய்வது?

வேளச்சேரியிலிருந்து:

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜுக்கு மட்டுமே ஆன கேபிள்கள் உண்டு, உள்ளே டேட்டா கம்பி இருக்காது. உங்கள் போன் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் என்றால் கேபிளே வேண்டாம். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கட்டும், ‘வயர்லெஸ் டீபக்கிங்’ போட்டு அது காட்டும் ஆறு இலக்க எண்ணை லேப்டாப்பில் கொடுங்கள். சார்ஜ் ஏறாத போனில் சோதிக்கலாம் என்பதால் நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அம்பத்தூர் அக்கா, என் செயலியிலும் காலி கேனைப் படம் எடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் சொன்ன ஆப்ஷனைப் போட்டுப் பார்த்தேன். படம் எடுக்கும் முன் தட்டிய கேன் எண்ணிக்கை காணாமல் போகிறது. இன்றே சரிசெய்கிறேன்.