வீட்டு கேமரா சர்வருக்கு எந்த ப்ராசஸர், எவ்ளோ ரேம்?

யீஷூன்வாசி: சிங்கப்பூர்ல எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடு, 4கே கேமரா நாலு, ஃப்ரிகேட்னு கேமரா ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போட்டு 24 மணி நேரமும் ரெக்கார்ட் பண்ணணும், பழைய ஐ7 டெஸ்க்டாப் சும்மா கிடக்கு ஆனா கரண்ட் பில்ல நெனச்சா பயமா இருக்கு, என்ன வாங்கலாம்ணே?

கம்பிக்காரன்: ஐ7 வேணாம் தம்பி. இன்டெல் என்100 ப்ராசஸர் போட்ட மினி பிசி போதும், அந்த சிப்போட டிடிபி (சூடா வெளிய விடற பவர் அளவு) 6 வாட்தான். ரெக்கார்டிங்குக்கு சிபியு பெருசா வேண்டியதில்ல, வர்ற ஸ்ட்ரீம அப்படியே டிஸ்க்ல எழுதிடும், ஆள் வர்றத கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம், அதுக்கு சப் ஸ்ட்ரீம (கேமரா கூடவே அனுப்பற சின்ன சைஸ் வீடியோ) குடு, வீடியோவ பிரிக்கற டீகோட் வேலை சிப்போட ஜிபியுல இருக்கற குவிக் சிங்க்ல ஓடும், ஆள கண்டுபிடிக்கற ஏஐய ஓட்டற இன்டெல் சாஃப்ட்வேர் ஓப்பன்வினோவும் அதே ஜிபியுல ஓட்டலாம்.

ரவாதோசை: ரேம் 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா வாங்குங்க, என்100ல மெமரி சேனல் (ரேமுக்கு போற பாதை) ஒண்ணுதான். 8லயும் ஓடும். காச மிச்சம் பிடிக்கணும்னா ரேம்ல பிடிங்க, ஹார்ட் டிஸ்க்ல வேணாம் லா.

கம்பிக்காரன்: காரிடார்ல மாட்டினா அடுத்த வீட்டு கதவு, ஜன்னல் பக்கம் திருப்பிடாத. 2023 மே மாசத்துலேர்ந்து எச்டிபி பர்மிஷன் வேணாம்னாலும் இந்த கண்டிஷன் உண்டு.

யீஷூன்வாசி: சரிண்ணே, சனிக்கிழமை சிம் லிம் எலக்ட்ரானிக்ஸ் மால் போய் பாக்கறேன்.