நிற்கும்போது மட்டும் சூடேறும் கார்: 2,800 ரிங்கிட் செலவு செய்யலாமா?

சுங்கை சிப்புட் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2011-இல் வாங்கிய 1.6 லிட்டர் செடான் கார். இதுவரை 160,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தோட்டத்து மண்சாலை வழியாகப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, அங்கிருந்து ஈப்போவுக்கு வேலைக்குச் செல்கிறேன். சில வாரங்களாகச் செமோர் பக்கம் சிவப்பு விளக்கில் நிற்கும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறது, ஏர்கோனும் குளிர்வதில்லை. வண்டி ஓடத் தொடங்கியதும் இரண்டும் சரியாகிவிடுகின்றன. பட்டறையில் காட்டியபோது எந்தச் சோதனையும் செய்யாமலேயே ஹெட் கேஸ்கட், டைமிங் பெல்ட், முன்பக்க அப்சார்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று கூறி 2,800 ரிங்கிட் கேட்கிறார்கள். இந்த மாதம் அவ்வளவு பணம் புரட்டுவது கடினம். எதை உடனே செய்ய வேண்டும், எதைத் தள்ளிவைக்கலாம்?

ஈப்போ பட்டறைக்காரர்:
ஐயா, ஹெட் கேஸ்கட்டுக்கு, அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகட்டுக்கு, இப்போது சம்மதிக்காதீர்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை விசிறிதான் செய்ய வேண்டும். சூடேறும் அதே நேரத்தில் ஏர்கோனும் குளிரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால், என் சந்தேகம் முதலில் விசிறியின் மீதுதான். வண்டியை நிறுத்திய நிலையில் இன்ஜினை ஓடவிட்டு, ஏர்கோனைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். விசிறி சுற்றவில்லை அல்லது சோர்ந்து சுற்றுகிறது என்றால், பியூஸ், ரிலே (விசிறிக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாரே போயிருந்தாலும் எங்கள் பக்கத்தில் கூலியோடு 200 ரிங்கிட்டை ஒட்டித்தான் வரும்.

கேஸ்கட் உண்மையிலேயே போயிருந்தால் வேறு அறிகுறிகள் தெரியும்: வெளியே கசிவு இல்லாமலேயே கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறையும், இன்ஜின் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறும், புகைபோக்கியில் வெள்ளைப்புகை நிற்காமல் வரும். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனையும் உண்டு. எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் அந்த நீலத் திரவம் மஞ்சளாக மாறிவிடும். அதைச் செய்து காட்டாமல் ஹெட்டைக் கழற்றுவதற்கு நான் உடன்படமாட்டேன்.

வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் விஷயத்தில் மட்டும் பட்டறை சொல்வதை மறுக்க முடியாது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வியோஸ், பெஸ்ஸா போன்ற கார்களில் இருப்பது சங்கிலி. உங்களுடையது ரப்பர் பெல்ட் என்றால், பொதுவாக 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றியாக வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்; அதன் பிறகு வரும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்பையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றிவிட்டால் ஒரே கூலியில் முடியும்.

கோலகங்சார் ஆசிரியர்:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மண்சாலையில் செம்பனை லாரிகளின் பின்னால் ஓடும் வண்டிகளில், ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும் ஏர்கோன் கண்டென்சருக்கும் (ஏர்கோன் வாயுவின் சூட்டை வெளியேற்றும் பாகம்) இடையே செம்மண் அப்பிக்கொள்ளும். இன்ஜின் ஆறிய பிறகு, தகடுகள் மடங்காதபடி மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உள்ளே துருவும் உப்பும் படியும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது; உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

சுங்கை சிப்புட் வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று வீட்டு வாசலிலேயே பார்த்தேன். விசிறி சுற்றவே இல்லை, கையால் தட்டிவிட்டால் சிறிது நேரம் சுற்றி நின்றுவிடுகிறது. பெல்ட் மாற்றியதற்கான ரசீதும் வீட்டில் இல்லை. ஆகவே விசிறி மோட்டாரையும் பெல்ட், பம்ப் வேலையையும் இந்த மாதமே செய்துவிடலாம் என்று எண்ணுகிறேன். அப்சார்பர் காத்திருக்கலாமா?

ஈப்போ பட்டறைக்காரர்:
மோட்டார்தான், ஐயா. இனி விசிறியில் கை வைக்காதீர்கள், எந்த நொடியிலும் அது தானாகச் சுற்றத் தொடங்கலாம். குலுக்கலைத் தாங்கும் அப்சார்பரில் எண்ணெய் கசியவில்லை, பள்ளத்தில் இறங்கிய பின் வண்டி தொடர்ந்து குதிக்கவில்லை, டயர் ஒரு பக்கமாகத் தேயவில்லை என்றால் காத்திருக்கலாம். ஆனால் வண்டியைத் தூக்கும்போது சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும், அந்த ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டச் சாலையில் அப்சார்பருக்கு முன்பே அவைதான் தேய்கின்றன, பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் அதை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.