வெர்ஷன்கோட் மேல் கோடு விழுகிறது, மாற்றினால் பழைய போனில் ஆப்பே விழுகிறது

கேள்வி:
வணக்கம், பெங்களூரு பெல்லந்தூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் ஆண்ட்ராய்டு வேலை. கோட்லினில் எழுதிய பழைய ஆப் ஒன்று என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. முன்னால் இருந்தவர் பேக்கேஜ்இன்ஃபோவில் (ஆப்பின் விவரம் தரும் கிளாஸ்) வெர்ஷன்கோட் (ஆப்பின் பதிப்பு எண்) என்று இருந்ததையெல்லாம் லாங்வெர்ஷன்கோட் ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். புது போன்களில் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு 8 போனில் திறந்தவுடன் நோசச்மெத்தட்எரர், அதாவது அந்த மெத்தட் இல்லை என்ற பிழை. மின்எஸ்டிகே (ஆப் ஓட வேண்டிய மிகக் குறைந்த ஆண்ட்ராய்டு ஏபிஐ எண்) 24. பழையபடி மாற்றினால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, இது பழசு என்று குறுக்கே கோடு போடுகிறது. வெள்ளிக்கிழமை ரிலீஸ், என்ன செய்யலாம்?

பதில்:
பழையதையே வைத்து எச்சரிக்கையை சப்ரஸ் பண்ணிட்டுப் போங்க ப்ரோ. கோடுதான் போட்டிருக்கிறார்கள், இன்னும் தூக்கவில்லை.

பதில்:
ஓடும்தான், ஆனால் அடுத்து வருபவர் இதையே திரும்ப மாற்றுவார். லாங்வெர்ஷன்கோட் வந்ததே 2018இல், ஆண்ட்ராய்டு 9 கூட, அதாவது ஏபிஐ 28. கம்பைல்எஸ்டிகே (பில்டுக்குப் பயன்படும் எஸ்டிகே) புதிது என்பதால் பில்ட் தாண்டிவிடுகிறது, போனில் அந்த மெத்தட் இல்லாததால் அங்கே போய்ச் சாகிறது. ஆண்ட்ராய்டுஎக்ஸ் கோர் லைப்ரரியில் பேக்கேஜ்இன்ஃபோகம்பாட் இருக்கிறது, அதன் கெட்லாங்வெர்ஷன்கோடைக் கூப்பிடுங்கள், எந்த ஏபிஐ என்று அதுவே பார்த்துக்கொள்ளும். திரும்பி வருவது லாங், அதாவது 64 பிட் எண். கீழ் 32 பிட்டில் பழைய எண், மேல் 32 பிட்டில் வெர்ஷன்கோட்மேஜர். மேஜரை நீங்கள் தொடவில்லை என்றால் எண் அதேதான். பிளே ஸ்டோரில் வெர்ஷன்கோடின் உச்சவரம்பே 210 கோடி, அது 32 பிட் இன்ட்டில் அடங்கும், அதனால் சர்வர்காரர்களைப் பயமுறுத்த வேண்டாம். அப்புறம், லின்ட் (தவறு தேடும் கருவி) நியூஏபிஐ என்று கத்தியிருக்க வேண்டுமே?

கேட்டவர்:
லின்ட் கண்டுகொள்ளாமல் விடும் பேஸ்லைன் ஃபைலுக்குள் அமுக்கி வைத்திருக்கிறார்கள் அண்ணா! கம்பாட் போட்டேன், ஆண்ட்ராய்டு 8இல் திறக்கிறது. ஆனால் இப்போது பேக்கேஜ்இன்ஃபோவை எடுக்கும் கெட்பேக்கேஜ்இன்ஃபோ மேலேயே கோடு.

பதில்:
அது வேறு கதை, ஏபிஐ 33இல் வந்தது. ஃப்ளாக்கை (என்னென்ன விவரம் வேண்டும் என்ற குறியீடு) இன்ட்டாகக் கொடுக்கும் வடிவத்துக்கு அதில் கோடு போட்டு, பேக்கேஜ்இன்ஃபோஃப்ளாக்ஸ் கொடுக்கும் வடிவத்தைச் சேர்த்தார்கள். 33க்குக் கீழே பழையது, 33இலிருந்து புதியது என்று நீங்களே ஒரு இஃப் போட்டு ஒரே ஃபங்ஷனில் வையுங்கள், சப்ரஸும் அந்த ஒரு இடத்தில் மட்டும். வேறு ஆப்பின் வெர்ஷனைப் பார்க்கிறீர்களா, உங்களுடையதைத்தானா?

கேட்டவர்:
எங்களுடையதுதான், செட்டிங்ஸ் பக்கத்தில் காட்ட.

பதில்:
அட, அதற்கு எதற்கு இவ்வளவு? பில்ட் ஆகும்போது உருவாகும் பில்ட்கான்ஃபிக் கிளாஸில் வெர்ஷன்_கோட் இருக்கிறதே. ஆண்ட்ராய்டு கிரேடில் பிளக்இன் (ஆப்பை பில்ட் செய்யும் கருவி) 8 என்றால் பில்ட்கான்ஃபிக் தானாக வராது, பில்ட்ஃபீச்சர்ஸில் அதற்கு ட்ரூ போட வேண்டும். லைப்ரரி மாட்யூலில் அந்த எண் கிடைக்காது, ஆப் மாட்யூலிலிருந்து அனுப்புங்கள்.

கேட்டவர்:
செட்டிங்ஸ் ஆப் மாட்யூலில்தான் இருக்கிறது, இன்றே மாற்றிவிடுகிறேன். பேஸ்லைனில் இன்னும் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ, ரிலீஸ் முடிந்ததும் அதைத் திறக்க வேண்டும்.